கிராஸ்மேட்ச் ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் கொடையாளரிடம் மறுபடியும் ரத்தம் கேட்போம். "குரூப் பார்த்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்று உறவினர்கள் பதறுவார்கள். இந்த முறை எங்களுக்கு வேண்டியது உயிருள்ள லிம்போசைட்டுகள். வெள்ளையணுக்களில் இந்த வகையின் மேல் எச்எல்ஏ அடையாளங்கள் (ஒருவரின் திசுவை அடையாளம் காட்டும் புரதங்கள்) நிறைய உண்டு. இவற்றைப் பிரித்தெடுத்து, நோயாளியின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்), எதிர்ப்பொருள் ஒட்டிய அணுவைத் துளைத்துக் கொல்லும் காம்ப்ளிமென்ட் புரதத்தையும் சேர்ப்போம். கொடையாளரின் அணுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியிடம் இருந்தால் அணு செத்துப்போகும்; அதுதான் பாசிட்டிவ். இந்தச் சோதனையின் பெயர்தான் கிராஸ்மேட்ச்.

இந்தச் சோதனையின் அருமையை 1969-இல் படேல், டெராசாகி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் சிறுநீரகம் பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செயலிழந்தது. நெகட்டிவான 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான்.

பிரிக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். உப்புக் கரைசல் கலந்த ரத்தத்தை, ஃபைகால் திரவத்தின் மேல் குழாயின் ஓரமாக மெல்ல வழியவிடுவோம். கை நடுங்கி இரண்டும் கலந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஃபைகாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.077 கிராம். அதைவிடக் கனமான சிவப்பணுக்களும் நியூட்ரோபில்களும் அடிக்குப் போய்விடும். லேசான லிம்போசைட்டுகள், கொஞ்சம் மோனோசைட்டுகளோடு, பிளாஸ்மாவுக்குக் கீழே மெல்லிய வெண்வளையமாக நிற்கும். குழாயை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜை பிரேக் போடாமல் தானாக நிற்கவிட வேண்டும். இல்லையென்றால் வளையம் கலைந்துவிடும்.

ஃப்ரிட்ஜில் இருந்த ரத்தத்திலும், நேரம் கடந்து வந்த ரத்தத்திலும் இந்த வளையம் சுத்தமாகக் கிடைப்பதில்லை. அடிக்குப் போகவேண்டிய நியூட்ரோபில்கள் லேசாகி மேலேயே தங்கிவிடும். அதைவிடக் கவலை, செத்த லிம்போசைட்டுகள். செத்த அணு சாயத்தை உறிஞ்சும், உயிருள்ளது உறிஞ்சாது. இதை வைத்துத்தான் முடிவு சொல்கிறோம். ஏற்கெனவே பாதி அணுக்கள் செத்து வந்தால், கொன்றது எதிர்ப்பொருளா குளிரா என்று மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. எதிர்ப்பொருளே இல்லாத சீரத்தைச் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழியிலும் அணுக்கள் செத்துக் கிடந்தால், அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டுப் புது ரத்தம் கேட்போம். உயிரோடிருக்கும் கொடையாளர் என்றால் இன்னொரு ஊசிக்குத்தோடு போயிற்று. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு காத்திருக்கும்போது, மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரம் யாரிடம் இருக்கிறது?

ரத்தம் எடுக்கும் சகோதரிகளே, குழாயை உடனே மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். கலக்காமல் விட்டால் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டிக்குள் லிம்போசைட்டுகள் மாட்டிக்கொள்ளும். ஐஸ் பெட்டி வேண்டாம், அறை வெப்பநிலையே போதும். எடுத்த நேரத்தைக் குழாயிலேயே எழுதி, அன்றே அனுப்பிவிடுங்கள்.

நோயாளியின் வீட்டார் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: முன்பு ரத்தம் ஏற்றியதா, கர்ப்பம் தரித்ததா, ரிட்டுக்சிமாப் (பி லிம்போசைட் என்ற வகையைத் தாக்கும் மருந்து) ஊசி போட்டதா? முதல் இரண்டும் எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடியவை. மூன்றாவது, பி லிம்போசைட் சோதனையில் பொய்யான பாசிட்டிவ் காட்டும்.