முடிவு தெரிந்த ஆட்டம்

"மேட்சை லைவா பார்க்கவே மாட்டேன் டாக்டர்" என்று சொன்னவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கிரிக்கெட் பிடிக்காதவர் இல்லை, பைத்தியம் என்றே சொல்லலாம். ஆனால் ஆட்டம் நடக்கும் நேரத்தில் போனை அணைத்துவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவார். எல்லாம் முடிந்தபின் முடிவை மட்டும் கேட்பார். ஜெயித்திருந்தால் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை சாவகாசமாக உட்கார்ந்து பார்ப்பார். தோற்றிருந்தால் அந்த ஆட்டம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வார்.

"முடிவு தெரிஞ்சுட்டா போதும். நடுவுல என்ன ஆனாலும் தாங்கிக்கலாம்."

அவர் என்னிடம் வந்தது கிரிக்கெட்டுக்காக இல்லை. மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். தேதி நெருங்க மூன்று வாரம் இருக்கும்போதே இவருக்குத் தூக்கம் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பழைய அறிக்கைகளை எடுத்துப் படிப்பார், ஒவ்வொரு வார்த்தையாக இணையத்தில் தேடுவார். ஸ்கேன் அறைக்குள் போகும் மனைவியோ நன்றாகத் தூங்குகிறார். வெளியே உட்காரும் கணவருக்குத்தான் மாத்திரை தேவைப்படுகிறது. (இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்கு மிகவும் பிடித்த மறுஒளிபரப்பு 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கை 274 ரன். பதிலுக்கு ஆட வந்த இந்தியாவில் சேவாக் இரண்டாவது பந்திலேயே டக் அவுட், டெண்டுல்கர் 18. மலிங்கா இரண்டு பேரையும் எடுத்தபோது ஸ்கோர் 31. அன்று நேரலையில் பார்த்தவர்களுக்கு வயிற்றில் என்ன நடந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்று அதே காட்சியைப் பார்க்கிறோம். டெண்டுல்கர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுகிறார். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கம்பீர் 97 அடிக்கப் போகிறார், தோனி கடைசி வரை நின்று 91 அடிக்கப் போகிறார், பத்துப் பந்து மிச்சமிருக்கும்போது அந்த சிக்ஸர் போகப் போகிறது என்று மனம் முன்கூட்டியே ஓடிவிடுகிறது. பந்து அதேதான், விழுந்த விக்கெட்டும் அதேதான். பார்க்கிற உடம்புதான் வேறு.

சரி, ஜெயித்த ஆட்டம் என்பதால்தானே இந்த நிம்மதி என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023 நவம்பர் 19, அகமதாபாத்தில் இந்தியா தோற்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் மறுஒளிபரப்பை நான் இன்னும் முழுதாகப் பார்த்ததில்லை. தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு அப்படியொரு மாலை! ஆகவே இவரைக் கிண்டல் செய்ய எனக்கும் தகுதியில்லை. ஆனாலும் ஒருநாள் சேனல் மாற்றும்போது அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி கண்ணில் பட, கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் படபடப்பு இல்லை. தோல்வி என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

மனநல மருத்துவத்தில் இது புதிய விஷயம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினி விளையாட்டில் திரையில் ஒரு பாறை வரும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற அளவுக்கு ஒரு மின்அதிர்ச்சி. கலந்துகொண்ட 45 பேருக்கு வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். கட்டாயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அடி விழும் என்று தெரிந்தவனைவிட, விழுமா விழாதா என்று நிற்பவன்தான் அதிகம் வியர்க்கிறான்.

நேரலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன. உடம்பு ஓடுவதற்கோ அடிப்பதற்கோ தயாராகிவிட்டது. ஆனால் நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், மட்டை வேறொருவர் கையில். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது மனம் எதையாவது செய்யக் கண்டுபிடிக்கும். "இதே இடத்துல உட்காரு, எழுந்தா விக்கெட் போயிடும்." "நான் பார்த்தா தோத்துடும்பா, நீங்க பாருங்க." படித்தவர், படிக்காதவர் எல்லாரும் சொல்வதுதான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி விழும் பந்துக்கு நம் நாற்காலி எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டால் அவர்களே சிரிப்பார்கள், ஆனாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இரவு இரண்டு மணிக்கு அறிக்கையை எடுத்துப் படிப்பதும் இதே ரகம்தான். நான் கவலைப்படுவதை நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும், நான் விழித்திருப்பதால்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது. ஸ்கேன் நல்லபடியாக வந்தால் அந்தக் குரலுக்குத்தான் பெயர் கிடைக்கும்: "பார்த்தியா, கவலைப்பட்டதால தப்பிச்சோம்." அடுத்த முறை மூன்று வாரம் நான்கு வாரமாகும். என்னிடம் வரும் பதற்ற நோயாளிகளில் பெரும்பாலானோர் இந்தச் சுழலுக்குள்தான் சுற்றுகிறார்கள். கவலை ஒரு வேலை என்று நம்பிவிட்டால் அதிலிருந்து ராஜினாமா செய்வது லேசில்லை.

அவர் மனைவி ஒருநாள் கூட வந்திருந்தார். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு முடிவு தெரியாது டாக்டர். தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். அதனால நான் தூங்கிடுவேன்."

கணவர் உடனே குறுக்கிட்டார். "ஒண்ணும் ஆகாதுன்னு இவ நம்பிட்டா. என்னால அப்படிக் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியல."

"ஒண்ணும் ஆகாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் அந்த அம்மா. "திரும்பவும் வரலாம். வந்தா அதையும் பார்த்துக்கலாம்னுதான் சொன்னேன். போன தடவை வந்தப்ப விட்டுட்டா போயிட்டார்?"

இருபது நிமிடம் நான் பாடம் எடுத்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கணவர் நம்பிக்கை என்று நினைத்தது ஸ்கோரை முன்கூட்டியே சொல்லும் ஜோசியம். அது கிடைக்காததால் தவித்தார். மனைவியின் நம்பிக்கையில் ஸ்கோரே இல்லை. எந்த முடிவு வந்தாலும் அதற்கு அப்புறமும் கைவிடப்பட மாட்டேன் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்டிருந்த முடிவு. அறிக்கையில் என்ன வந்தாலும் அதை அசைக்க முடியாது. அவருக்கு அது கடவுள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு அது உடன் நிற்கும் மனிதர்களாகவோ, ஏற்கெனவே இதைவிடப் பெரிய அடியைத் தாங்கிய அனுபவமாகவோ இருக்கிறது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் அனுபவம் ஒரு சாட்சி. வியட்நாமில் 1965-ல் பிடிபட்டு, 1973 வரை ஏழு வருடத்துக்கும் மேல் சிறையில் சித்திரவதை அனுபவித்தவர். கடைசியில் தான் மீண்டுவிடுவோம் என்பதில் தனக்குச் சந்தேகமே இருந்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். அப்படியானால் உள்ளே தாங்க முடியாமல் போனவர்கள் யார் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் கேட்டவரைத் திகைக்க வைத்தது. நன்னம்பிக்கைக்காரர்கள் என்றார். கிறிஸ்துமஸுக்குள் வெளியே போய்விடுவோம் என்பார்கள். கிறிஸ்துமஸ் வரும், போகும். ஈஸ்டருக்குள் என்பார்கள். அதுவும் போகும். அப்படியே மனம் உடைந்து போனார்களாம். தேதி குறித்து வைக்கும் நம்பிக்கை அந்தத் தேதியோடு சேர்ந்து செத்துவிடுகிறது.

ஆறுதல் சொல்ல வரும் உறவினர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதுதான். "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதே" என்பது அன்பில் வரும் சொல், தெரியும். ஆனால் அதைக் கேட்டவருக்கு நிம்மதி அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. மறுபடி கேட்பார், மறுபடி சொல்வீர்கள், கடைசியில் உங்களுக்குக் கோபம் வரும். "என்ன ஆனாலும் நான் கூட இருக்கேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

அந்தக் கணவருக்கு நான் கொடுத்த வேலை சின்னது. ஒரு தாளில் ஸ்கேன் நன்றாக வந்தால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னேன். வராவிட்டால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள் என்றும். முதல் பாதி ஒரே வரியில் முடிந்தது. இரண்டாவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. எழுத உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது என்றார். கடைசியில் எழுதியதில் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள், முதலில் போன் செய்ய வேண்டிய இரண்டு பேர், அலுவலக விடுப்பு எல்லாம் இருந்தன. "அதுக்கப்புறமும் ஒரு நாள் இருக்கு இல்ல டாக்டர்" என்றார். அறிக்கைகளை மனைவியின் அலமாரிக்கு மாற்றினோம். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கும் பயிற்சி, கவலைக்கென்று மாலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது, இதெல்லாம் வழக்கமானவைதான். கொஞ்ச நாள் மாத்திரையும் தொடர்ந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு சொன்னதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஸ்கேனுக்கே போகாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஒரு பரிசோதனையைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை. நம்பிக்கை அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதே தவிர, அதிலிருந்து தப்பிக்க வழி காட்டவில்லை. அதேபோல, ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் கட்டுக்கடங்காத கவலை, தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல் என்று இருந்தால் அது நம்பிக்கைக் குறைவு இல்லை. சிகிச்சையால் குணமாகும் பதற்ற நோயாக இருக்கலாம். 'இன்னும் கொஞ்சம் வேண்டிக்கொள்' என்று அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

மேட்ச் பார்ப்பவர்களுக்கும் ஒன்று. 2006-ல் ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை நடந்தபோது, மியூனிக் பகுதியில் ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர பாதிப்புகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தன. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நெஞ்சு இறுக்கமோ, இடது கையில் வலியோ, திடீர் வியர்வையோ வந்தால் "இந்த ஓவர் முடியட்டும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஸ்கோர் ஓடிப்போகாது.

போன மாதம் அவர் வந்திருந்தார். ஸ்கேன் ஒன்று முடிந்திருந்தது, அடுத்ததற்குத் தேதியும் குறித்தாயிற்று. முன்தின இரவு நான்கு மணி நேரம் தூங்கினாராம். அவர் கணக்கில் அது பெரிய ஸ்கோர். கிளம்பும்போது, முந்தைய நாள் நடந்த மேட்சை முதல்முறையாக நேரலையில் முழுதாகப் பார்த்ததாகச் சொன்னார்.

"அட, யார் ஜெயிச்சாங்க? எனக்கு நேத்து பார்க்க நேரமே இல்லை."

கதவுப்பிடியில் கை வைத்தபடி ஒரு கணம் யோசித்தார்.

"நீங்க இன்னும் பார்க்கலையா டாக்டர்? அப்ப சொல்ல மாட்டேன். தெரியாமலே பாருங்க."