ஃபார்மட்: சீரமைப்பு அல்ல, பாத்தியிடல்

மெமரி கார்டை ஃபார்மட் செய்வதற்கு, அதாவது உள்ளதைத் துடைத்துப் புதிதாக ஆயத்தம் செய்வதற்கு, தமிழில் ‘சீரமைத்தல்’ என்று சொல்லும் பழக்கம் பரவிவருகிறது. காணொளிகளில் கேட்கிறேன், கடைக்காரர் ஒட்டிவைத்த தாளில் பார்க்கிறேன், மொழிபெயர்த்த கையேடுகளிலும் பார்த்துவிட்டேன். இந்தச் சொல் தவறு. வெறும் இலக்கணத் தவறாக இருந்தால் சும்மா விட்டிருப்பேன். இது ஆட்களின் பொருளை அழிக்கிற தவறு.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகனிடம் ஒரு நின்டெண்டோ 3டிஎஸ் இருக்கிறது. 2011-இல் வெளிவந்த கையடக்க விளையாட்டுக் கருவி அது. பிரான்சில் இருக்கும் அவன் பெரியப்பா, தான் வைத்திருந்ததை 64 ஜிபி கார்டோடு கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள் கருவி கார்டை எடுக்கவில்லை. பையன் கார்டைக் கழற்றிக் கணினியில் சொருகினான். ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று கணினி சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் தேடியவனுக்கு ஒரு காணொளி கிடைத்தது. ‘உங்கள் கார்டு பழுதாகியிருக்கலாம், கவலை வேண்டாம், சீரமைத்துவிட்டால் சரியாகிவிடும்.’ பையன் சீரமைத்தான். அப்புறம் எனக்குப் போன் வந்தது. “மாமா, சீரமைச்சிட்டேன், ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. இப்பவும் கருவி எடுக்கல.”

அவன்மேல் என்ன குறை? சீரமைத்தால் சீராகும் என்று நம்பினான். தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் நம்புவார்கள்.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘ஃபோர்மா’ என்றால் உருவம். ‘லிபர் ஃபோர்மாத்துஸ்’ என்றால் உருவம் தரப்பட்ட நூல். அதிலிருந்து வந்த ‘ஃபார்மட்’ முதலில் அச்சகச் சொல்லாக இருந்தது, புத்தகத்தின் அளவையும் அமைப்பையும் குறித்தது. நம் பதிப்பாளர்கள் டெமி அளவு, கிரவுன் அளவு என்கிறார்களே, அதுதான். பிரெஞ்சில் இன்றும் ‘ஃபொர்மா’ என்றால் முதலில் தாளின் அளவுதான் நினைவுக்கு வரும். கணினி வந்தபிறகு ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாகவும் பெருகியது. ஆங்கிலத்திடமிருந்து பிரெஞ்சுக்காரர்களும் ‘ஃபொர்மத்தே’ என்று வாங்கிக்கொண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

நமக்குச் சிக்கலாவது, ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் மூன்று வேலைகளைச் செய்வதுதான். எழுத்தைத் தடிப்பாக்குவது, சாய்ப்பது, ஓரம் விடுவது எல்லாம் ஃபார்மட். ஒரு கோப்பு படமா, பாட்டா, எந்த வகையில் சேமிக்கப்பட்டது என்பதும் ஃபார்மட். கார்டைத் துடைத்து, கோப்புகளை வைப்பதற்கு ஏற்பாடு செய்வதும் ஃபார்மட். ஆங்கிலேயருக்கு ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் எங்கேயோ முடிவுகட்டிவிட்டார்கள். யார் விதித்த விதி இது? முதலாவதற்கு ‘வடிவூட்டல்’ நன்றாகவே பொருந்துகிறது. இரண்டாவதற்குக் ‘கோப்பு வகை’ போதும், யாருக்கும் விளங்கும். மூன்றாவதுக்குத்தான் தனிச்சொல் வேண்டும்.

அந்த மூன்றாவதற்குச் ‘சீரமைப்பு’ ஏன் ஆகாது என்று பார்ப்போம். கடலூர்க்காரனான எனக்கு இந்தச் சொல் நன்கு பழக்கம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன்பிறகு மாதக்கணக்கில் எங்கள் காதில் விழுந்த சொல் இது. மின்கம்பம் சீரமைப்பு, சாலை சீரமைப்பு, பள்ளிக் கட்டடம் சீரமைப்பு. ஒவ்வொரு இடத்திலும் பொருள் ஒன்றுதான். இருந்தது கெட்டுப்போயிற்று, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம். ஏரியைச் சீரமைத்தோம் என்றால் ஏரி இருக்கிறது. கோயிலைச் சீரமைத்தோம் என்றால் சாமி அங்கேயே இருக்கிறது. எதைச் சீரமைக்கிறோமோ அது மிஞ்சும் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஃபார்மட் செய்தால் மிஞ்சுவது வெறும் கார்டு. அதில் இருந்தது போய்விடும். சொல் ஒன்றைச் சொல்ல, செயல் அதற்கு நேர்மாறானதைச் செய்கிறது.

இதை ஆதரிப்பவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். ‘சீர் என்றால் ஒழுங்கு. கார்டில் ஒரு ஒழுங்கை ஏற்படுத்துவதுதானே ஃபார்மட்? ஆகவே சீரமை.’ அகராதியில் இது நிற்கும், காதில் நிற்காது. சொல்லைக் கேட்பவன் அதைப் பிரித்துப் பார்த்துப் பொருள் கொள்வதில்லை. ஊரில் அது எதற்குப் புழங்குகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்வான். வேரை வைத்துச் சொல்லாக்குவது சரி, புழக்கத்தை மறந்துவிட்டு ஆக்குவது சரியல்ல.

இதைவிட வலுவான காரணம் இன்னொன்று. உண்மையாகவே சீரமைப்பு என்று சொல்லத்தக்க ஒரு வேலை இதே இடத்தில் இருக்கிறது. கார்டைச் சொருகியதும் விண்டோஸ் சிலசமயம், ‘இந்த இயக்ககத்தில் கோளாறு இருக்கிறது, ஆராய்ந்து சரிசெய்யவா’ என்று கேட்கும். அது கோப்பு அட்டவணையில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும். உள்ளே இருப்பதை இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டே பழுதுபார்க்கும் வேலை அது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? சீரமைப்பு என்ற சொல்லை ஃபார்மட்டுக்குத் தாரை வார்த்துவிட்டால், அருகருகே வரும் இரண்டு பொத்தான்களில் எது காப்பாற்றும், எது அழிக்கும் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஃபார்மட்டுக்குச் சிலர் சொல்லும் ‘வடிவமைப்பு’ இந்த அளவுக்கு ஆபத்தானதல்ல, ஆனால் பயனும் இல்லை. வடிவமைப்பு என்றால் டிசைன். ஆடை வடிவமைப்பு, வீட்டு வடிவமைப்பு என்று அது உறுதியாக ஊன்றிவிட்ட சொல். அட்டை வடிவமைப்பு என்றால் புத்தகத்தின் மேலட்டைக்குப் படம் போடுவது. அப்படியிருக்க ‘நினைவக அட்டையை வடிவமைக்கவும்’ என்று திரையில் வந்தால் வாசகன் என்ன செய்ய வேண்டும், தூரிகையை எடுக்க வேண்டுமா? ஒரு வாக்கியத்தைப் படித்ததும் செய்யவேண்டியது புரியவில்லை என்றால் அந்த வாக்கியம் மொழிபெயர்க்கப்படவில்லை என்றுதான் பொருள்.

வேறு சிலவற்றையும் பார்த்துவிட்டேன். ‘துடை’ நேர்மையான சொல், ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. துடைத்தபின் புதிதாக ஒன்று ஏற்படுகிறதே, அதைச் சொல்லவில்லை. ‘அழித்தமை’ என்று ஒரு நண்பர் சொன்னார். அழித்து அமை என்று அவர் நினைத்தார். தமிழில் அது ‘அழித்த செயல்’ என்று வேறொரு பொருளில் நிற்கும். ‘காடுகளை அழித்தமையால் மழை குறைந்தது’ என்பதைப்போல. பொத்தானில் அதை எழுதினால் ஏற்கெனவே அழித்தாயிற்று என்று படிக்கலாம். ‘புதுப்பி’ உரிமத்துக்கும் சந்தாவுக்கும் உரியது, பழையது தொடரும் என்ற பொருள் அதிலும் ஒட்டியிருக்கிறது.

இதையெல்லாம்விட, கடைகளில் புழங்கும் ‘ஃபார்மட் அடி’ எவ்வளவோ மேல். புதுச்சேரி நேரு வீதியிலோ எங்கள் ஊர் லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு கைபேசிக் கடையில் “ஃபார்மட் அடிச்சுடவா?” என்று கேட்டால், “ஐயோ, போட்டோ இருக்குங்க” என்று உடனே கையை நீட்டுவார்கள். எல்லாம் போய்விடும் என்பது அந்தச் சொல்லிலேயே புரிகிறது. தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தவறாகப் பொருள் தரும் தமிழ்ச்சொல்லைவிட, சரியாகப் பொருள் தரும் கடன்சொல்லே மொழிக்கு நல்லது. தவறான தமிழ்ச்சொல் ஒருமுறை கடித்துவிட்டால், அடுத்தமுறை தமிழ்த் திரையையே மாற்றி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வார்கள். என் அக்கா வீட்டுக் கணினியில் இப்போது அதுதான் நடந்திருக்கிறது.

அப்படியானால் நல்ல தமிழ்ச்சொல் எது? கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். ஃபார்மட் செய்யும்போது கார்டின் பரப்பு சம அளவுள்ள சிறு சிறு பகுதிகளாக வகுக்கப்படுகிறது. 32 கேபி அளவில் வகுத்தால், ஒரே ஒரு எழுத்துள்ள கோப்புக்கும் ஒரு முழுப் பகுதி போய்விடும். எந்தக் கோப்பு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. இப்படி வகுக்கும் முறைகளில் ஒன்றான ஃபாட் என்ற பெயரின் விரிவே கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை என்பதுதான். இடத்தைப் பகுத்து, இன்னதை இன்ன இடத்தில் வைக்கலாம் என்று ஆயத்தம் செய்வதற்கு நம் வயல்காட்டில் ஒரு பெயர் உண்டு: பாத்தி கட்டுதல்.

பாத்தி என்பது பகுத்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல். பகுத்து உண்பதைப் ‘பாத்தூண்’ என்கிறது திருக்குறள். அதே திருக்குறளில் 718-ஆம் குறள், வளரும் பயிர் நிற்கிற பாத்தியில் நீர் விடுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆக, சொல் பழையது, இன்றும் உயிரோடு இருக்கிறது. கத்திரி நாற்றுக்குப் பாத்தி கட்டுகிறோம், மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டுகிறார்கள். புதிதாகப் பாத்தி கட்டவேண்டுமானால் நிலத்தை உழவேண்டும், உழுதால் இருந்த பயிர் போகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பகுத்தல், ஆயத்தம், பழையது அழிதல் மூன்றும் ஒரே சொல்லுக்குள் வருகின்றன. ஆகவே வினைக்குப் ‘பாத்தியிடு’, பெயருக்குப் ‘பாத்தியிடல்’. ‘இந்தக் கார்டு ஃபாட்32 முறையில் பாத்தியிடப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

விளையாட்டுக் கருவியின் சிக்கலும் இந்தச் சொல்லால் தெளிவாகிறது. எஸ்டி கார்டுகளில் 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை உள்ளவை எஸ்டிஎச்சி, அவற்றுக்குரியது ஃபாட்32. 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி, அவற்றுக்கு எக்ஸ்ஃபாட். 3டிஎஸ் கருவிக்கு ஃபாட்32 தெரியும், எக்ஸ்ஃபாட் தெரியாது. பெரியப்பா அந்த 64 ஜிபி கார்டை ஃபாட்32-இல் பாத்தியிட்டுக் கொடுத்திருந்தார், அதனால்தான் அத்தனை நாள் ஓடியது. பையன் விண்டோஸில் பொத்தானை அமுக்கியபோது அது எக்ஸ்ஃபாட் முறையில் பாத்தியிட்டுவிட்டது. பழையதும் போயிற்று, புதிய பாத்தியும் கருவிக்குப் பிடிபடவில்லை. எஸ்டி சங்கத்தார் தரும் ஃபார்மட்டர் மென்பொருளை வைத்துச் செய்தாலும், 64 ஜிபி கார்டுக்கு எக்ஸ்ஃபாட்தான் போடும். அந்த அளவு கார்டுக்கு ஃபாட்32 வேண்டுமென்றால் அதற்கென உள்ள தனி மென்பொருளை நாடலாம்.

நல்லவேளையாக அவன் செய்தது விரைவுப் பாத்தியிடல். அதில் அட்டவணை மட்டும் புதிதாகும், பழைய தகவல் அடியில் அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறெதையும் எழுதாதவரை. முழுப் பாத்தியிடல் அப்படியல்ல, விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது பரப்பு முழுவதிலும் சுழியை எழுதிவிடுகிறது. கார்டில் ஒன்றும் எழுதக்கூடாது என்று சொல்லி வாங்கிவந்து, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓடவிட்டேன். கருவியின் கேமராவில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை பெயரிழந்து எண்களாக வந்துசேர்ந்தன. அவன் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும் படம் அதில் ஒன்று. விளையாட்டுச் சேமிப்புகள் வரவில்லை. அவை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டவை, இன்ன கோப்பு என்று தலைப்பை வைத்து அடையாளம் காணும் மென்பொருளுக்கு அவை பிடிபடாது.

கார்டை எடுக்காத கருவிக்குச் செய்திருக்க வேண்டியது இதுதான். கருவியை அணைத்து, கார்டைக் கழற்றி, பித்தளை நிறத்தில் தெரியும் தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துத் திரும்பச் சொருக வேண்டும். பெரிய எஸ்டி கார்டாக இருந்தால் பக்கவாட்டுப் பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இறங்கியிருந்தால் எழுத முடியாது. அப்படியும் எடுக்கவில்லையா, கணினியில் போட்டு, கோப்புகள் தெரிந்தால் எல்லாவற்றையும் முதலில் நகலெடுக்க வேண்டும். அதன்பிறகே சீரமைப்பு, அதாவது பிழை தேடித் திருத்துதல். அதற்கும் மசியாவிட்டால்தான் பாத்தியிடல், அதுவும் கருவிக்குத் தெரிந்த முறையில். பிறகு நகலெடுத்த உறையை (ஃபோல்டரை) திரும்ப வைத்தால், அதே கருவியில் விளையாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். சீரமைப்பையும் பாத்தியிடலையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் இந்த வரிசையைச் சொல்லவே முடியாது.

இதே கதை ‘மீட்டமை’ என்ற சொல்லிலும் நடக்கிறது. ரீசெட்டுக்கும் மீட்டமை, ரிஸ்டோருக்கும் மீட்டமை என்று பல செயலிகளில் பார்க்கிறேன். ஒன்று உள்ளதை எறிந்துவிட்டுத் தொடக்க நிலைக்குப் போவது, மற்றது போனதைத் திரும்பக் கொண்டுவருவது. மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் வரிவரியாகச் சொற்கள் மட்டும் வருகின்றன, பொத்தான் எந்தத் திரையில் வருகிறது, அதை அமுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குக் காட்டப்படுவதில்லை. அது அவர் குற்றமில்லை. ஆனால் ‘இதை அமுக்கினால் என்ன ஆகும்’ என்று கேட்காமல் சொல் போடுவது அவர் குற்றம்தான்.

வேளாண் சொல்லைக் கணினிக்குள் இழுப்பதா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. கணினித் திரையில் ‘பாத்தி’ என்று பார்த்தால் சிரிப்பார்கள் என்கிறார்கள். வலை, தளம், உறை, கோப்பு எல்லாம் எங்கிருந்து வந்தன? கணினிக்கென்று பிறந்தவையா? கேட்கப் புதிதாக இருக்கிறது என்பது கொஞ்ச நாளில் தீர்ந்துபோகும், தவறான பொருள் தீராது. சொல் பழகும்வரை திரையில் முழுச் செய்தியையும் சொல்லிவிடலாம்: ‘இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை. பாத்தியிட்டால் இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். பாத்தியிடவா?’ கீழே இரண்டு பொத்தான்கள்: ‘அழித்துப் பாத்தியிடு’, ‘வேண்டாம்’.