தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1998 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். ஊருக்குள் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்காடு ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரில் வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். 'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம் சார், கழட்டிடலாம்' என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?"

வேண்டாம்.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்கு சொச்சம்தான் எஞ்சினின் உழைப்பாக மாறுகிறது. மீதியில் ஏறக்குறைய பாதி சைலன்சர் வழியே வெளியேறிவிடும், மறுபாதியை நீர் சுமந்துகொண்டு போக வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். வாட்டர் பம்ப் நீரைச் சுற்றிவிடுகிறது, ரேடியேட்டர் ஆற்றுகிறது, ஃபேன் காற்றை இழுக்கிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தெர்மோஸ்டாட் என்பது, எஞ்சின் சூடாகும்வரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு.

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள்: ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார். உங்கள் வண்டி இதற்கு நேர்மாறு. எஞ்சின் மூச்சைப் பிடித்து இழுக்கும்போது மட்டும் தடுமாறுகிறது. அப்படியானால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், இல்லை ரேடியேட்டர் மூடி பழுதாகியிருக்கலாம்.

மூடியை யாரும் மதிப்பதில்லை. குக்கர் வெயிட்டின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. சாதாரணமாக 0.9 பார் அழுத்தம் வரை நீரை உள்ளே அடக்கி வைத்திருக்கும். அதனால் சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 119 டிகிரி வரை கொதிக்காது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால், மேலே போகப் போகக் கொதிநிலை குறைந்துகொண்டே வரும், எஞ்சினோ கூடுதல் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் தெரியாத கோளாறு மலையில் தெரிவது இப்படித்தான். பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூடியை மாற்றிவிட்டுக் கட்டுங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு: 120 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரின் அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால், அதில் 35 கிராம் அளவுக்கு உடனே ஆவியாகும். அந்த ஆவி ஏறக்குறைய 60 லிட்டர் இடம் கேட்கும். அது வெளியே வரும் வழியில்தான் உங்கள் முகம் இருக்கிறது.

சரி, தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு தட்டு. ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, சென்சார் இல்லை. குப்பிக்குள் இருப்பது பாராஃபின் மெழுகு.

தண்ணீர் உறைந்தால் விரிகிறது. மெழுகு நேர்மாறாக உருகும்போது விரிகிறது, அதுவும் பத்து சதவீதத்துக்கு மேல். திடப்பொருளில் நெருக்கமாக அடுக்கி நின்ற நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் உருகியதும் நெளிந்து புரள இடம் கேட்கின்றன. குப்பி மூடியிருப்பதால் அந்த இடம் கிடைக்காது. உருகிய மெழுகை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அதனால் அது நடுவிலிருக்கும் ரப்பர் உறையைப் பிதுக்கும், உறை தன்னுள் செருகியிருக்கும் வழவழப்பான எஃகு ஊசியை வெளியே தள்ளும். ஊசியின் மறுமுனை சட்டத்தில் ஊன்றியிருப்பதால் குப்பிதான் பின்வாங்கும். அதோடு தட்டும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு இறங்கும், ரேடியேட்டருக்கு வழி திறக்கும். சில மில்லிமீட்டர் நகர்வுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மெழுகு ஒரே மூலக்கூறால் ஆனதல்ல, பல நீளங்களில் சங்கிலிகள் கலந்தது. ஆகவே ஒரே புள்ளியில் உருகாமல் சில டிகிரிகளுக்குள் படிப்படியாக உருகும். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் வால்வு 95 வாக்கில் முழுதாகத் திறப்பது அதனால்தான். எந்தச் சங்கிலிகளை எவ்வளவு கலக்கிறோமோ அதுதான் அந்த வால்வுக்கான புரோகிராம். மெழுகு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் என்பதால் செம்புத் தூளையும் கலந்துவிடுகிறார்கள். செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் உருவாக்கியது இது. அதற்கு முன் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த, துருத்தி போல விரியும் பெல்லோஸ் வகை இருந்தது. அழுத்த மூடி வந்தபின், நீரின் அழுத்தமே அதன் கணக்கைக் கெடுத்தது. மெழுகுக்கு அந்தக் கவலை இல்லை. இன்று மெழுகு உருகுவதை ஆராய நிதி வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் எந்தக் குழுவாவது முழுதாகப் படிக்குமா என்பது சந்தேகம்.

இதைக் கழற்றினால் என்ன? சமவெளியில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர வெகுநேரமாகும். அதுவரை கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயைக் கழுவிவிடும். மைலேஜும் போகும், பிஸ்டன் ரிங்கும் தேயும். மலையில்கூட லாபம் நிச்சயமில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வந்துவிடும்.

கழற்ற வேண்டாம் என்பவர்களும் ஒரு தவறான காரணம் சொல்வார்கள்: "தண்ணி வேகமா ஓடினா ஆற நேரம் கிடைக்காது." நீர் ஒரு சுற்றுக்குக் குறைவாக ஆறும், உண்மைதான். ஆனால் அத்தனை சுற்று கூடுதலாக வருமே! மொத்தத்தில் வேகமான ஓட்டம் அதிக வெப்பத்தைத்தான் கடத்தும்.

சோதிக்கக் கழற்றலாம். பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்குங்கள். தெர்மோஸ்டாட்டில் பொறித்த வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் நன்றாகத் திறந்தால் பழுதில்லை. உறை கிழிந்து மெழுகு கசிந்திருந்தால் திறக்காது, அல்லது அரைகுறையாகத் திறக்கும். புதிது மாட்டும்போது, காற்று வெளியேற விளிம்பில் ஒரு குட்டி ஆடும் ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும்.

மூடியும் தெர்மோஸ்டாட்டும் சரியென்றால், என் சந்தேகம் உங்கள் போர் தண்ணீர் மேல். அதன் சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்துவிடும். அந்தப் படிவு உலோகத்தைவிடப் பல பத்து மடங்கு மோசமான கடத்தி. ரேடியேட்டரைக் கழுவச் சொல்லி, கூலண்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் ஏற்காட்டில் முள் ஏறினால், எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நிற்காமல் குமிழி வந்தால், எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.