சாப்பர்: மண்வெட்டி தந்த படைச்சொல்

இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவில் சேரும் கடைநிலை வீரருக்குச் சாப்பர் என்று பெயர். காலாட்படையில் சிப்பாய், பீரங்கிப் படையில் கன்னர், இங்கே சாப்பர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு இது வீட்டுச்சொல் போலவே பழகியது. பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது, பாதை அமைப்பது என இன்று இவர்கள் செய்யும் வேலைகள் பல. பெயர் வந்தது இவை எதிலிருந்தும் அன்று. ஐரோப்பியக் கோட்டை முற்றுகைகளில் மண் வெட்டியவர்களிடமிருந்து.

இத்தாலிய மொழியில் சாப்பா என்றால் மண்வெட்டி. அது பிரெஞ்சுக்குப் போய், வெட்டும் வேலையைக் குறிக்கும் சாப் ஆயிற்று. அதைச் செய்பவர் சப்பர், ஆங்கிலத்தில் சாப்பர். மரச்சாற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சாப் வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். அகராதியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் மொழிபெயர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் இச்சொல்லின் பொருள் எளிமையானது. மதிலின் அடிக்குப் போய் அடித்தளத்தை வெட்டிச் சரிப்பது. தமிழில் இதற்குக் கீழறுத்தல் என்ற பழஞ்சொல் உண்டு. அடியில் அறுப்பதையும் மறைவாகச் சூழ்ச்சி செய்து கெடுப்பதையும் அந்த ஒரே சொல் குறிக்கும். பிரெஞ்சு வினைக்கும் இதே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. நாமும் ஒருவனைக் கெடுப்பதைக் குழிபறித்தல் என்றுதானே சொல்கிறோம்.

பீரங்கி வந்தபின் பொருள் நகர்ந்தது. 1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் இழுத்துச் செல்லக்கூடிய வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் நுழைந்தபோது, உயர்ந்து நின்ற பழைய கல்மதில்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தினார்கள், தடித்த மண்ணால் நிரப்பினார்கள், மூலைகளில் அம்புமுனை வடிவக் கொத்தளங்களை நீட்டினார்கள். ஒரு கொத்தளத்தின் சுவரை ஒட்டி வருகிறவனை அடுத்த கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் சுடலாம். ஒளிய ஒரு மூலைகூட மிச்சமில்லை. இந்த அமைப்பு ஐரோப்பா முழுக்கப் பரவியது. இப்படிப்பட்ட நகரை நோக்கித் திறந்த வெளியில் ஓடுவது சாவதற்குச் சமம். தாக்குகிறவனுக்கு மிஞ்சிய ஒரே வழி, மண்ணுக்குள் இறங்கி வெட்டிக்கொண்டே முன்னேறுவது. மதிலடியை வெட்டுவதைக் குறித்த சாப், இப்போது மதிலை நோக்கி ஊர்ந்து வரும் பள்ளத்துக்குப் பெயராயிற்று.

இந்த வேலையை ஒரு கலையாக்கியவர் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பொறியாளர் வோபான் (1633–1707). அவர் வகுத்த முறையில் சாப்பர்கள் வரிசையாக நின்று வெட்டுவார்கள். முன்னால் இருப்பவர் முழங்காலிட்டு ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுப்பார். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதை ஆழப்படுத்தி அகலப்படுத்த, நான்காமவர் முடிக்கும்போது பள்ளம் மூன்றடி ஆழம் இருக்கும். வெட்டிய மண்ணை எதிரி இருக்கும் பக்கம் வைத்த பிரம்புக் கூடைகளில் கொட்டுவார்கள், அதுவே மார்புச்சுவர். பள்ளத்தின் தலைப்பில் பொருள் திணித்த பெரிய கூடையொன்றைக் கேடயமாக உருட்டிக்கொண்டு போவார்கள். மதிலிலிருந்து நீளவாட்டில் சுட்டுவிடக்கூடாது என்பதால் பள்ளம் நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். வெட்டிய நீளத்துக்கேற்பக் கூலி கொடுக்க வேண்டும், கோட்டையை நெருங்க நெருங்க அதைக் கூட்ட வேண்டும் என்பது வோபானின் கருத்து. முதல் ஆளின் இடம் எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்குத் தெரியும். போரில் புகழ் பெரும்பாலும் வாளேந்தியவனுக்கே போயிருக்கிறது. நகரைப் பிடித்துக் கொடுத்தது மண்வெட்டி என்பதை நாம் மறக்கக்கூடாது.

1673 ஜூனில் டச்சுக்காரர் வசமிருந்த மாஸ்டிரிக்ட் நகரை வோபான் முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு இணையாக ஒன்றைவிட ஒன்று நெருக்கமாக மூன்று நீண்ட அகழ்கள் வெட்டப்பட்டன. அவற்றை இணைத்தவை வளைந்து செல்லும் சாப்கள். படைகள் இணையகழ்களில் பாதுகாப்பாகக் கூடி நிற்கலாம். உள்ளேயிருந்து பாய்ந்து வருகிறவர்களை அங்கேயே தடுக்கலாம். வெட்டத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் நகரம் பணிந்தது. பின்னாளில் கதைநாயகனாகிப் புகழ்பெற்ற தார்தாஞான் உயிர்விட்டது இந்த முற்றுகையில்தான்.

இனி, தமிழில் என்ன சொல்வது? கோட்டைப்போர் நமக்குப் புதிதன்று. ‘முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்’ என்று கோட்டை முற்றுகைப் போரின் திணையான உழிஞைக்குத் தொல்காப்பியம் இலக்கணம் சொல்கிறது. ஏணி சார்த்தி நடக்கும் போருக்கும், அகழி நீரில் நடக்கும் போருக்கும் அங்கே துறைகள் உண்டு. ஆனால் அது பீரங்கிக்கு முந்திய உலகம். மதிலை நோக்கிப் பள்ளம் வெட்டி நெருங்குவதற்கு அங்கே தனித்துறை இல்லை.

புழக்கத்திலுள்ள சொற்களும் சரியாகப் பொருந்தவில்லை. அகழி என்பது கோட்டையைக் காக்க உள்ளிருப்பவர்கள் எடுத்தது. தாக்குகிறவன் எடுப்பதை அப்படிச் சொன்னால் போரின் பக்கமே மாறிவிடும். சுரங்கம் நிலத்துக்கு அடியில் போவது. சாப் மேலே திறந்திருப்பது. பதுங்குகுழி நெருங்கி வருகிறது, ஆனால் அது இருந்த இடத்திலேயே இருப்பது. அந்தச் சொல்லின் அச்சிலேயே நகர்குழி என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ஊறுகாய் போல முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. கேட்டவுடன் பொருள் புரியும்.

வெட்டுபவருக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்ற குறளில் வேர் இருக்கிறது. முற்றுகை வரலாறு எழுதும்போது சாப்பரை அகழ்வீரர் என்றும், அவர்கள் பிரிவை அகழ்படை என்றும் எழுதலாம். மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பவர் வேறு, அவர் சுரங்கவீரர். இன்றைய இந்தியப் படையில் சாப்பர் ஒரு பதவிப்பெயர் என்பதால், செய்தியிலும் பணி ஆவணத்திலும் அதைச் சாப்பர் என்றே விட்டுவிடுவது முறை.