குடித்தனம்

ஊட்டச்சத்து ஆய்வறிக்கைகளின் முதல் அட்டவணையில் ‘வளரிளம் பருவத்தினர் உள்ள குடும்பங்களின் மக்கள்தொகைப் பண்புகள்’ என்று ஒரு தலைப்பு வரும். ஆங்கில ‘ஹவுஸ்ஹோல்ட்’தான் அங்கே ‘குடும்பம்’ ஆகியிருக்கிறது. வடசென்னையில் இது சரிப்படாது; அங்கே ‘குடித்தனம்’ என்று எழுதுவதே பொருந்தும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை இரத்த உறவைக் கேட்பதில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு ஹவுஸ்ஹோல்ட். வேலை நிமித்தம் வெளியில் சாப்பிடுகிறவரும் அதில் சேர்த்தி. ஆக, காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்ப் பல நாள் கடலிலேயே ஆக்கித் தின்னும் அப்பா உள்ளே. ஒரே கதவு எண்ணில் பக்கத்து அறையில் தனியாக உலை வைக்கும் அண்ணன் வெளியே.

பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் “எத்தனை குடும்பம்?” என்று கேட்டால், “எல்லாம் ஒரே குடும்பம்தாங்கா” என்பார்கள். “எத்தனை குடித்தனம்?” என்றால் பதில் மாறும்: “மூணு. மாமியாரு தனியா ஆக்கிக்கிறாங்க.” சொல் தெருவிலேயே இருக்கிறது.

‘குடி’ பழஞ்சொல். வீடு, குலம், ஆளப்படும் மக்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். திருக்குறளில் ‘குடிமை’, ‘குடிசெயல்வகை’ என்று அதிகாரங்களே உண்டு. குடியிருப்பு, குடிக்கூலி எல்லாம் இதன் சுற்றம். ‘தனம்’ தன்மையைக் குறிக்கும் விகுதி. ‘குடும்பம்’ வடமொழியிலும் உண்டு. எது எங்கிருந்து போனது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. குடித்தனத்திலும் ஒரு சிக்கல்: குடித்தனக்காரர் என்றால் வாடகைக்கு இருப்பவர் என்றும் பொருள். சொந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம். ‘தனிக்குடித்தனம்’ என்ற வழக்கில் வாடகை வாடை இல்லை என்பதால் எனக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை.

இத்தனை கறார் எதற்கு? மாதம் வாங்கிய எண்ணெயை, பருப்பை ஆள்கணக்கில் வகுத்துத்தான் பல ஆய்வுகள் உணவு அளவைச் சொல்கின்றன. இரண்டு அடுப்பை ஒன்றாக எழுதினால் வகுக்கும் எண்ணே பிழை. 10 முதல் 19 வயதுவரை வளரிளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதில் ஒரு பிள்ளை மதியம் பள்ளியில் சத்துணவு, இரவு பாட்டி வீட்டில் என்று சாப்பிட்டால் கணக்கு இன்னும் குழம்பும். (இந்தப் பருவத்துக்கான ‘அடோலசன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரே ‘ஊட்டி வளர்’ என்பதுதான்.)

விடுதிப் பிள்ளைகளிடம் மட்டும் சொல் இடிக்கிறது. அங்கே சமையல் ஒன்று, ஆனால் குடித்தனம் இல்லை. கணக்கெடுப்பும் அவர்களைத் தனி வகையாகவே வைக்கிறது; அட்டவணையில் ‘விடுதி’ என்றே எழுதிவிடலாம்.