மெத்தென்ற செருப்பு மட்டும் போதாது: வாதம் கண்ட பாதத்துக்கு எது பொருந்தும்?

மூட்டு வாதம் பாதத்துக்கு இறங்கிவிட்டது என்று தெரிந்தவுடன் பலரும் செய்கிற முதல் காரியம், கடையில் இருப்பதிலேயே மெத்தென்ற செருப்பை அழுத்திப் பார்த்து வாங்குவதுதான். சிலருக்கு அதில் நிம்மதி கிடைக்கிறது. சிலருக்கு இரண்டே வாரத்தில் வலி முன்னைவிடக் கூடுகிறது. செருப்பு மட்டமானது என்று அதை மூலையில் போட்டுவிட்டு, இன்னும் மெத்தென்றதைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. எந்த மூட்டு கெட்டிருக்கிறது, எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒருவருக்கு மருந்தாகிற செருப்பு இன்னொருவருக்குத் தொல்லையாகும்.

நடக்கும்போது பாதம் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். குதிகால் தரையைத் தொடுகிறது, உடல் எடை பாதத்தின் வெளி ஓரமாக முன்னேறுகிறது, கடைசியில் விரல்களின் அடிப்பகுதிக்கு வந்து, பெருவிரலால் தரையை உந்தித் தள்ளிக் கால் எழும்புகிறது. அந்த உந்தலின்போது உடல் எடையைவிடச் சற்று அதிகமான விசை முன்பாதத்தில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 65 கிலோ அளவுக்குப் போகும். அதே சமயத்தில் பெருவிரல் தன் அடிமூட்டில் 50, 60 பாகை வரை மேல்நோக்கி மடங்குகிறது. இந்தச் சுமை, இந்த மடிப்பு இரண்டில் எது வலிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூட்டுத் தேய்மானம் பாதத்தில் அதிகம் தாக்குவது பெருவிரலின் அடிமூட்டைத்தான். குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் மேற்புறத்தில் எலும்பு முளைத்து, விரல் மேலே மடங்க முடியாமல் முட்டுகிறது. உட்கார்ந்தபடி பெருவிரலைக் கையால் மேலே வளைத்துப் பாருங்கள். சட்டென்று தடுத்து, மூட்டின் முதுகுப்புறத்தில் வலித்தால் உங்கள் சிக்கல் மடிப்பில்தான் இருக்கிறது. இவர்களுக்குத்தான் மெல்லிய, எங்கும் வளைகிற ஸ்பாஞ்சு செருப்பு கெடுதல் செய்யும். செருப்பு வளைய வளைய மூட்டும் வளையும். வலியைத் தவிர்க்கப் பாதத்தின் வெளி ஓரத்தில் நடக்கப் பழகிவிடுவார்கள். கொஞ்ச நாளில் முழங்காலும் இடுப்பும் முறையிட ஆரம்பிக்கும்.

அவர்களுக்கு வேண்டியது முன்பகுதி விறைப்பாகவும், விரல் நுனிப் பக்கம் அடிப்பாகம் மேல்நோக்கி வளைந்தும் இருக்கும் ஷூ. அடிப்பாகம் உருண்டு முன்னேறுவதால் விரல் மடங்க வேண்டிய தேவை குறைகிறது. அந்த வளைவு விரல் நுனியில் தொடங்கினால் பயன் இல்லை. விரல்களின் அடிமூட்டு வரிசைக்குச் சற்றுப் பின்னே, அதாவது குதியிலிருந்து ஷூ நீளத்தில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதத்தில் தொடங்க வேண்டும். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் ஓட்டக்காரர்களின் ஷூக்கள் சிலவற்றில் இந்த அமைப்பு ஏற்கனவே இருக்கிறது. ஷூவைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு தரையைவிட்டு எழும்பி நிற்பது தெரியும். ஒரு எச்சரிக்கை: இப்படி உருளும் அடிப்பாகம் நிலைதடுமாற்றம் உள்ள முதியவர்களுக்கு ஆகாது. வரப்பில் நடப்பவர்களுக்கும் நிச்சயமாக ஆகாது. ஈரக் களிமண்ணில் தட்டையான, பிடிப்புள்ள அடிப்பாகமே பாதுகாப்பு.

முடக்கு வாதம் வேறு மாதிரி வேலை செய்கிறது. இங்கே உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடிக்கும். தேய்மானத்தில் அது பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முன்பாதத்தை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் முடக்கு வாதத்தைச் சந்தேகித்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட வீக்கத்தில் விரல் அடிமூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. விரல்கள் மேலேறிப் பறவையின் நகம்போல் வளைகின்றன. எலும்பு முனைகளுக்கு அடியில் மெத்தையாக இருந்த கொழுப்புத் திண்டு அவற்றோடு முன்னே நகர்ந்துவிடுகிறது. எலும்பு முனைக்கும் தரைக்கும் நடுவே தோல் மட்டுமே மிஞ்சுகிறது. கூழாங்கல் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். இவர்களுக்குச் சிக்கல் சுமையில் இருக்கிறது. மெத்தை இவர்களுக்குத்தான் உதவும். மேலேறிய விரல்கள் ஷூவின் கூரையில் உரசிக் கால் ஆணி விழுவதால், உள்ளே ஆழமும் வேண்டும்.

வெறும் மெத்தையைவிடச் சிறப்பாக வேலை செய்வது ஒரு சின்னத் திண்டு. மருந்துக் கடைகளிலும் செயற்கைக் கால், காலணி செய்யும் இடங்களிலும் நீர்த்துளி வடிவத்தில் கிடைக்கும். தடிமன் 5 முதல் 8 மில்லிமீட்டர் போதும். அதை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டிவிட்டு, வலி கூடிவிட்டது என்று பிய்த்து எறிந்தவர்கள் ஏராளம். திண்டு இருக்க வேண்டிய இடம் வலிக்கிற எலும்பு முனைக்குப் பின்னால். அங்கே அது எலும்புத் தண்டைத் தாங்கி, முனைமேல் விழும் சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். இடத்தைக் கண்டுபிடிக்க, உள்ளங்காலில் வலிக்கிற புள்ளிகளில் ஈரக் குங்குமம் தொட்டு வையுங்கள். ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து, அதன்மேல் முழு எடையும் போட்டு நில்லுங்கள். குங்குமம் பதிந்த இடம்தான் எலும்பு முனை. திண்டின் முன் விளிம்பு அதற்கு அரை சென்டிமீட்டர் பின்னே வருமாறு ஒட்டுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரு வாரத்திலும் பழகவில்லை என்றால் 2, 3 மில்லிமீட்டர் பின்னே நகர்த்திப் பாருங்கள்.

எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உணர்ச்சியற்ற பாதங்களில் ஏன் புண் வருகிறது என்பதை வேலூரில் ஆராய்ந்த மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளுக்காக இந்த ரப்பரைப் பரப்பினார்கள். பிறகு நீரிழிவுக்காரர்களுக்கும் அது வந்தது. முடக்கு வாதக்காரர்களுக்கும் நன்றாகவே பொருந்தும். பார்த்து வாங்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. மேலே மெத்தென்ற ரப்பர், கீழே கடினமான அடிப்பாகம் என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டும்; முழுவதும் மெத்தென்று இருந்தால் சிறு கல்கூட ஊடுருவி அழுத்தும். ஆணி அடித்திருக்கக் கூடாது. ஒட்டியும் தைத்தும் இருக்க வேண்டும். இந்தச் செருப்பைப் போட்டால் ஊரார் என்ன நினைப்பார்களோ என்று கூசிக் காலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேண்டாத கூச்சம்.

யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்வதால் வரும் கவுட் வாதம் தனி ரகம். 37 பாகை செல்சியஸில் ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் படிகமாக உறையும் நிலைக்கு வருகிறது. வெப்பம் குறையக் குறைய இன்னும் எளிதில் உறையும். உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் பெருவிரலில் அது முதலில் தாக்க இதுவும் ஒரு காரணம். நள்ளிரவில் விரல் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும். அப்போது எண்ணெய் தேய்த்து உருவுவதும் நொச்சி இலை ஒத்தடம் போடுவதும் வேதனையைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலை உயர்த்தி ஓய்வு, முன்பக்கம் திறந்த செருப்பு, மருத்துவர் தரும் மருந்து இவைதான் வழி. வெந்நீரும் ஒத்தடமும் விறைப்புக்கு உதவும். சிவந்து கொதிக்கிற மூட்டுக்கு அல்ல.

ஹவாய் செருப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டெல்டாவில் வீட்டுக்கு வீடு திண்ணையடியில் கிடப்பது அதுதான். பின்வார் இல்லாததால், ஒவ்வொரு அடியிலும் விரல்கள் வளைந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலேறி வளைந்த விரல்களுக்கு இந்த வேலை கூடாது. விரலிடுக்கு வார் பெருவிரலை உரசிப் புண்ணாக்கும். குதிகாலையும் கணுக்காலையும் அது துளியும் தாங்காது. முன்பக்கம் ஒன்று, புறங்காலில் ஒன்று, குதியைச் சுற்றி ஒன்று என மூன்று இடத்தில் வெல்க்ரோ ஒட்டுகிற சாண்டல் எவ்வளவோ மேல். காலையில் ஒரு அளவும் மாலை வீங்கிய பிறகு ஒரு அளவுமாக இறுக்கிக்கொள்ளலாம். கைவிரல்களிலும் வாதம் இருப்பவர்கள் கயிறு கட்டிப் போராட வேண்டியதில்லை. கணுக்கால் உள்பக்கம் சரிந்து பாதம் தட்டையாகிறவர்களுக்கு மட்டும் சாண்டல் போதாது. குதியைச் சுற்றி விறைப்பான சுவர் உள்ள ஷூ வேண்டும். குதிப்பகுதியைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தும்போது எளிதில் அமுங்கினால் வாங்காதீர்கள். குதி உயரம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் எடை முன்பாதத்துக்குச் சாயும்.

அளவு பார்ப்பது மாலையில். காலையில் பொருந்துவது மாலையில் கடிக்கும். ஒரு தாளில் நின்றுகொண்டு, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டி, கடைக்கு எடுத்துப் போங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறைவாக வரும். தாளை ஷூவுக்குள் விட்டால் ஓரம் மடங்கக் கூடாது. மடங்கினால் உங்கள் பாதமும் அப்படித்தான் நசுங்கும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். நம் கடைகளில் ஒரு எண் கூடினால் நீளம் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் போதவில்லை என்று இரண்டு எண் பெரிதாக வாங்கினால், ஷூ வளையும் இடமும் விரல் மடங்கும் இடமும் விலகி, குதி உள்ளே வழுக்கும். அகலமான மாடலைத் தேடுவதே சரி. பெருவிரல் அடியில் எலும்பு புடைத்தவர்கள், அந்த இடத்தில் தையலோ பட்டையோ இல்லாத ஷூவாகப் பார்க்க வேண்டும். மெல்லிய தோல் ஷூ என்றால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை மட்டும் இழுத்துத் தரச் சொல்லலாம். ரெக்சின் அவ்வளவாக இழுபடாது.

காலணி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நம் ஊரில் நாளின் பெரும்பகுதி அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுகிறது. சிமெண்டுத் தரையும் டைல்ஸும் வாதம் கண்ட காலுக்குக் கொடியவை. வீட்டுக்குள்ளே செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வெளியே போடாத, கழுவி வைத்த தனி எம்.சி.ஆர். செருப்பு என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில், திருவாரூர்க் கோயில் போன்ற பெரிய பிராகாரங்களை நடுப்பகலில் சுற்றுவதைத் தவிர்த்துக் காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுட்ட கல்லில் கொப்புளம் வருவதுகூடத் தெரியாது. குந்தி உட்கார்ந்து கோலம் போடும்போது விரல் அடிமூட்டுகள் நடப்பதைவிட அதிகமாக மடங்குகின்றன; மார்கழி முழுவதும் அப்படிப் போட்டால் வலி ஏறத்தான் செய்யும். உயரம் குறைந்த முக்காலி ஒன்று போதும். விரல் வீங்கும்போது மெட்டியைக் கழற்ற முடியாமல் ரத்த ஓட்டம் நின்றுபோகலாம்; அடிப்பக்கம் திறந்த, விரித்துச் சுருக்கக்கூடிய மெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

குறுவை, சம்பா நடவுக்குப் போகிறவர்களின் சிரமம் தனி. சேற்றில் புதைந்த காலை ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கி எடுப்பதில் கணுக்காலும் குதிநாரும் இழுபடுகின்றன. கம்பூட் அங்கே உதவாது. சேறு அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வேலையிலிருந்து கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைப்பது மிக முக்கியம். மெத்தோட்ரெக்ஸேட் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்குச் சாதாரண சேற்றுப்புண்கூடச் சீழ் பிடிக்கலாம். சிவப்பு புறங்காலுக்குப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் ஆணியை பிளேடால் செதுக்குவதும், அதற்கென்று விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவதும் இவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் கூடவே கூடாது. ஆணி வருவது அழுத்தத்தால். அழுத்தும் இடத்தை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும்.

மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்கப் போகும்போது புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆறு மாதம் போட்ட பழையதைப் பையில் எடுத்துப் போங்கள். குதியின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது இயல்பு. உள் ஓரம் தேய்ந்திருந்தால் கணுக்கால் உள்ளே சரிகிறது. முன்பாதத்தின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து பெருவிரலுக்கு அடியில் புதிதாகவே இருந்தால், விரலை மடக்காமல் தப்பித்து நடக்கிறீர்கள். உள்தகட்டில் எலும்பு முனை விழும் இடங்களில் குழி விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் திரும்ப எழும்பாமல் கிடந்தால், அந்த மெத்தையின் ஆயுள் முடிந்துவிட்டது. தகட்டை மட்டும் மாற்றினால் போதும்; மேல்பகுதி நன்றாக இருக்கிற ஷூவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.