சரள் எடுத்த நிலமும் பாக்கெட் கரித்தூளும்

"கரித்தூளக் காசு குடுத்து வாங்கி மண்ணுல போட்டேன் தம்பி, மண்ணாத்தான் போச்சு."

ராதாபுரம் பக்கம் ஒரு அண்ணாச்சி சொன்னது. சாலை போட அவர் நிலத்திலிருந்து சரள் அள்ளிப் போனதில் மேல்மண் முழுக்கக் காலி. மிச்சம் கிடந்த தரையில் மழைத்தண்ணீர்கூட நிற்காமல் ஓடியது. அதில் நாலைந்து பாக்கெட் உயிர் உரத்தை, அதாவது பயிருக்கு உதவும் பாக்டீரியா கலந்த கறுப்புத் தூளைத் தூவிவிட்டு முருங்கை நட்டிருந்தார். பாதிக்கு மேல் பட்டுப்போயின.

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடிதான். பாக்டீரியா அதில் குடியிருக்கிறது, அவ்வளவே. நாம் காசு கொடுப்பது அந்தக் குடித்தனக்காரர்களுக்கு. உயிர் உரங்கள் 2006இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. அதன்படி பயறு வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம், தழைச்சத்தைச் சேர்க்கும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா எதுவானாலும் தூளில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடியும் திரவத்தில் மில்லிக்கு 10 கோடியும் உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். சூடு பட்டால் அவை செத்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே யூரியா மூட்டை மேல் கிடந்த பாக்கெட்டில் அத்தனை எங்கே இருக்கப் போகிறது? கடைக்காரரை மட்டும் சொல்வானேன்! ஒரு சித்திரையில் நானே பைக் பெட்டியில் பாக்கெட்டுகளைப் போட்டு, வள்ளியூரிலிருந்து திசையன்விளை வரை வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நான் படித்ததே நுண்ணுயிரியல்.

சரி, உயிரோடு வந்து சேர்ந்தாலும் அந்தத் தரையில் அது எதைத் தின்னும்? வேர் கசியவிடும் சர்க்கரையும் மட்கிய குப்பையும்தான் அதற்குச் சோறு. சரள் எடுத்த இடத்தில் இரண்டும் கிடையாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, கொஞ்ச நஞ்சம் இருக்கும் பொடிமண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் காற்று காற்றாலைக்காரர்களுக்கு நல்லது, மண்ணுக்கு ஆகாது.

தழைச்சத்தை (நைட்ரஜன்) சேர்க்கும், மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும் என்றுதான் எல்லோரும் இந்த பாக்டீரியாவைப் பற்றிச் சொல்வோம். பாழ்பட்ட நிலத்தில் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் தெரியுமல்லவா? வறட்சியிலோ உப்பிலோ மாட்டிய செடி அதே வாயுவைத் தனக்குள் கூடுதலாக உண்டாக்கும். அது கூடினால் வேர் நீள்வது நின்றுவிடும். வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள், எத்திலீன் ஆவதற்கு முந்தைய பொருளையே தின்றுவிடுகின்றன. வேர் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. நம் ஊர் வெயிலில் அந்தக் கொஞ்சம்தான் கன்று பிழைப்பதற்கும் சாவதற்கும் நடுவே நிற்கிறது. இன்னொன்று, பல பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரக்கும். அது மணலைச் சிறு சிறு கட்டியாக ஒட்டவைத்து ஈரத்தைப் பிடிக்கும். தேரி என்கிற செம்மணல் மேட்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆகவே அண்ணாச்சியிடம் பாக்கெட்டைக் கடைசியில் வாங்கச் சொன்னேன். கோடையில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு. அப்புறம் ஆட்டுக்கிடை, அதாவது எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை நிலத்திலேயே அடைத்து வைப்பது. ஐப்பசி மழை விழுந்ததும் மரம் நடுவதற்கு முன்னால் தட்டப்பயறும், பசுந்தாள் உரச்செடியான கொளுஞ்சியும். ஓர் ஏக்கர் பயறு விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பயறுக்கான ரைசோபியம் வேறு, கொண்டைக்கடலைக்கானது வேறு. கேட்டு வாங்குங்கள்.

மரக்கன்றுக்கு அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும். எக்டேருக்கு ஒவ்வொன்றிலும் 2 கிலோவை 25 கிலோ தொழு உரத்தில் கலந்து தூவுவது பயிர் நடக்கும் நிலத்துக்கான கணக்கு. இங்கே தூவினால் வீண். தொழு உரத்தைத் தாராளமாக எடுத்துக் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஒரு வாரம் மூடிவைத்துக் குழிக்குள் வேரோடு படும்படி போடுங்கள். மேலே பனை ஓலை மூடாக்கு. ரசாயன உரத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். ஒரு வரிசையை ஒன்றும் போடாமல் விட்டுவைத்தால், என்னை நம்ப வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கார்த்திகைக் கடைசியில் போனேன். பயறுச் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்தோம். பிடுங்கினால் வேர்முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையோ வெள்ளையோ என்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கீழ்ப்பக்கத்துச் செடிகளில் நல்ல சிவப்பு. மேல்பக்கம், சரளை ஆழமாகத் தோண்டிய இடத்தில், செடியே சரியாக முளைக்கவில்லை. அங்கே இன்னொரு கோடைக்குக் கிடை அமர்த்தச் சொல்லியிருக்கிறேன். கிடைக்காரருக்கு யார் பணம் கொடுப்பது என்று அண்ணாச்சிக்கும் அவர் தம்பிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.